'வாஸ்' போட்டும் வாக்கியம் தப்பாகிறதா? பாஸ்ட் கன்டினியூவஸ் பிழைகளுக்கு அறிகுறிவாரியான தீர்வு

லீவ் லெட்டர், விபத்து விவரம், இன்டர்வியூ பதில், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சிக் கட்டுரை என்று எதைத் திருத்தக் கொடுத்தாலும் சிவப்பு மை அதிகம் படுவது ஒரே இடத்தில்தான். 'வாஸ்' அல்லது 'வெர்' போட்டு, வினைச்சொல்லோடு 'இங்' சேர்க்கும் வாக்கியங்கள். பள்ளியில் இதற்கு பாஸ்ட் கன்டினியூவஸ் டென்ஸ் என்று பெயர். சூத்திரத்தைக் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் வேறு ஏதோ வந்து விழுகிறது.

இலக்கண விளக்கம் இங்கே கிடையாது. உங்கள் வாக்கியத்தில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அந்தத் தலைப்புக்குள் உடனே சரியாகிற காரணத்தை முதலிலும், நாள்கணக்கில் பழக வேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## எதற்கும் முன்னால் இரண்டு சோதனைகள்

முதலாவது, உருப்படி சோதனை. வாக்கியத்தில் 'வாஸ்' அல்லது 'வெர்' இருக்கிறதா? 'இங்' இருக்கிறதா? இரண்டும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அறிகுறி 1 அல்லது 2-க்குப் போங்கள்.

இரண்டாவது, 'அப்புறம்' சோதனை. வாக்கியத்துக்கு முன்னால் தமிழில் 'அப்புறம்' போட்டுப் படியுங்கள். பொருந்தினால் அது நடந்து முடிந்த செயல். 'வென்ட்', 'கேம்', 'டுக்' போன்ற சிம்பிள் பாஸ்ட் போதும். 'அந்த நேரத்தில் ஏற்கெனவே' என்பது பொருந்தினால்தான் 'வாஸ்', 'இங்' இரண்டும் வேண்டும். கீழே உள்ள பாதிப் பிழைகளுக்கு இந்தச் சோதனையே விடை சொல்லிவிடும்.

## அறிகுறி 1: 'ஐ குக்கிங்', 'ஹி கமிங்' என்று வருகிறது

'வாஸ்' காணாமல் போயிருக்கிறது.

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். பேச்சில் 'வாஸ்' அழுத்தமில்லாமல் ஓடிப்போகும் சொல். காதில் சரியாக விழாதது கையிலும் வருவதில்லை. எழுதியதில் 'இங்' வருகிற ஒவ்வொரு இடத்தையும் வட்டமிட்டு, அதற்கு இடப்பக்கம் பாருங்கள். அங்கே 'வாஸ்' அல்லது 'வெர்' இல்லையென்றால் சேருங்கள்.

எல்லா 'இங்'குக்கும் 'வாஸ்' வேண்டும் என்பதில்லை. 'ஐ லைக் ரீடிங்', 'ஸ்விம்மிங் இஸ் குட் ஃபார் யூ' ஆகியவற்றில் 'ரீடிங்', 'ஸ்விம்மிங்' இரண்டும் பெயர்ச்சொல் வேலை பார்க்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். 'அண்ட்' போட்டு இரண்டு வினைகளைக் கோத்தால் ஒரு 'வாஸ்' இரண்டுக்கும் பொது: 'ஐ வாஸ் குக்கிங் அண்ட் லிசனிங் டு தி ரேடியோ'.

'வாஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆம்' இருந்தால் காரணம் வேறு. 'எஸ்டர்டே அட் டென் ஐ ஆம் ஸ்லீப்பிங்' என்று எழுதுபவர், 'எஸ்டர்டே' என்று சொல்லிவிட்டதால் காலம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறார். ஆங்கிலம் அப்படி விடாது. நேற்று என்ற சொல் இருந்தாலும் வினையிலும் இறந்தகாலம் தெரிய வேண்டும்.

## அறிகுறி 2: 'ஐ வாஸ் வென்ட்', 'ஐ வாஸ் ஈட்' என்று வருகிறது

இங்கே 'வாஸ்' இருக்கிறது, 'இங்' இல்லை. 'வாஸ்' என்பதை இறந்தகாலத்தைக் காட்டும் முத்திரை என்று மனம் எடுத்துக்கொண்டுவிட்டது. நடந்தது எதுவானாலும் முதலில் ஒரு 'வாஸ்', பிறகு வினை. ஆங்கில வழியில் படித்தவர்களிடமும் இதைப் பார்க்கிறேன்.

'அப்புறம்' சோதனையைப் போடுங்கள். செயல் முடிந்துவிட்டதென்றால் 'வாஸ்' வெளியேற வேண்டும்: 'ஐ வென்ட்'. பாதியில் இருந்ததென்றால் 'வென்ட்' வெளியேற வேண்டும்: 'ஐ வாஸ் கோயிங்'. இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழி கிடையாது.

திருத்துகிற வேகத்தில் நல்ல வாக்கியத்தைக் கெடுத்துவிடாதீர்கள். 'ஐ வாஸ் பார்ன் இன் திருச்சி', 'ஐ வாஸ் டிரான்ஸ்ஃபர்ட் டு மதுரை', 'மை ஃபாதர் வாஸ் அட்மிட்டட் டு தி ஹாஸ்பிடல்' மூன்றும் சரி. செயலை நீங்கள் செய்யவில்லை, உங்களுக்கு நடந்தது என்றால் 'வாஸ்' பக்கத்தில் 'இங்' இல்லாத வினை நிற்கலாம்.

## அறிகுறி 3: 'வாஸ்' வருமா 'வெர்' வருமா என்று குழப்பம்

'ஐ, ஹி, ஷி, இட்' என்றால் 'வாஸ்'. 'யூ, வி, தே' என்றால் 'வெர்'. ஒரே ஒருவரைப் பார்த்து 'யூ' என்றாலும் 'வெர்' தான்.

சறுக்குகிற இடங்கள் கொஞ்சம்தான். 'மை பிரதர் அண்ட் ஐ' என்பது இரண்டு பேர், அதனால் 'வெர்'. 'பீப்பிள்', 'போலீஸ்' இரண்டுக்கும் 'வெர்'. 'எவ்ரிபடி' கேட்கும்போது கூட்டமாகத் தெரிந்தாலும் 'வாஸ்'. 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ்' என்பதில் கடைசியில் இருக்கும் 'ஃபிரண்ட்ஸ்' ஏமாற்றும். ஆள் ஒருவர்தான், 'வாஸ்'.

## அறிகுறி 4: கேள்வியாக்கினால் உருக்குலைகிறது

'வாட் யூ வெர் டூயிங்?' என்று வந்தால் 'வெர்' ஒரு அடி முன்னால் நகர வேண்டும்: 'வாட் வெர் யூ டூயிங்?' 'டிட் யூ கோயிங்?' என்று வந்தால் 'டிட்' தேவையில்லாமல் உள்ளே வந்திருக்கிறது: 'வெர் யூ கோயிங்?' எதிர்மறைக்கும் இதே கதைதான். 'டிட் நாட்' வேண்டாம், 'வாஸ் நாட் கோயிங்' போதும்.

இதற்கு நேர்மாறான பிழை, ஒருவர் கேட்டதை நாம் எடுத்துச் சொல்லும்போது வரும். 'ஹி ஆஸ்க்ட் மி வாட் வாஸ் ஐ டூயிங்' தவறு. கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய்விட்டால் வரிசை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்: 'ஹி ஆஸ்க்ட் மி வாட் ஐ வாஸ் டூயிங்'.

## அறிகுறி 5: நடந்ததைச் சொல்லும்போது எல்லா வினையும் 'வாஸ்... இங்' ஆகிவிடுகிறது

அதிகம் வருவதும் அதிகம் கெடுப்பதும் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம். வண்டி இன்சூரன்ஸ் கோரிக்கைக்காக எழுதப்படும் விவரம் பல நேரம் இப்படித்தான் வருகிறது:

'லாஸ்ட் மண்டே மார்னிங் ஐ வாஸ் கோயிங் டு ஆபீஸ் பை பைக். அட் தி சிக்னல் ஐ வாஸ் ஸ்டாப்பிங். எ வேன் வாஸ் கமிங் ஃபிரம் பிஹைண்ட். தி வேன் வாஸ் ஹிட்டிங் மை பைக். ஐ வாஸ் ஃபாலிங் டவுன். பீப்பிள் வெர் டேக்கிங் மி டு தி ஹாஸ்பிடல்.'

உருப்படி சோதனையில் எல்லா வாக்கியமும் தேறிவிடும். ஆனால் இதைப் படிக்கும் அதிகாரிக்கு என்ன தெரியும்? 'வாஸ் ஸ்டாப்பிங்' என்றால் வண்டி இன்னும் நிற்கவில்லை, வேகம் குறைந்துகொண்டிருக்கிறது. 'வாஸ் ஹிட்டிங்' என்றால் வேன் திரும்பத் திரும்ப இடித்துக்கொண்டே இருந்தது. 'இடி', 'தட்டு', 'இருமு' மாதிரி நொடியில் முடியும் செயலோடு 'இங்' சேர்ந்தால் அது பலமுறை நடந்ததாகத்தான் பொருள். 'வெர் டேக்கிங்' என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்பதே தெரியாது.

ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'அப்புறம்' போடுங்கள். ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன்: இது கதை தொடங்கும்போதே நடந்துகொண்டிருந்தது, 'அப்புறம்' பொருந்தாது, அப்படியே இருக்கட்டும். அப்புறம் சிக்னலில் நின்றேன். அப்புறம் வேன் வந்து இடித்தது. அப்புறம் விழுந்தேன். அப்புறம் கொண்டுபோனார்கள். இந்த நான்கும் சிம்பிள் பாஸ்ட். திருத்தியது இது:

'லாஸ்ட் மண்டே மார்னிங் ஐ வாஸ் கோயிங் டு ஆபீஸ் பை பைக். ஐ ஸ்டாப்ட் அட் தி சிக்னல். வைல் ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் தி கிரீன் லைட், எ வேன் கேம் ஃபிரம் பிஹைண்ட் அண்ட் ஹிட் மை பைக். ஐ ஃபெல் டவுன். பீப்பிள் டுக் மி டு தி ஹாஸ்பிடல்.'

மூலத்தில் இல்லாத ஒரு 'வாஸ்... இங்' இதில் புதிதாக வந்திருக்கிறது: 'ஐ வாஸ் வெயிட்டிங்'. இடித்த நொடியில் உங்கள் வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தது என்பதைச் சொல்லும் சொல் அதுதான். தப்பு யார் பக்கம் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. இந்த டென்ஸை எல்லா இடத்திலும் இறைத்துவிட்டால், உண்மையில் தேவைப்படும் இடத்தில் அதற்குப் பலமில்லாமல் போய்விடும்.

ஏன் இப்படி வருகிறது?

முதல் காரணம் பயம். 'ஃபால்' என்பதன் இறந்தகாலம் 'ஃபெல்' என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. 'ஃபால்ட்' என்று எழுதித் தப்பாகிவிடுமோ என்று 'வாஸ் ஃபாலிங்' என்று ஒதுங்கிவிடுவார்கள். 'இங்' சேர்த்தால் எந்த வினையும் சமாளித்துவிடலாம் அல்லவா? இதற்கு மருந்து இலக்கணம் இல்லை, மனப்பாடம். 'கோ - வென்ட், டேக் - டுக், ஃபால் - ஃபெல், பிரிங் - பிராட், கேட்ச் - காட், டீச் - டாட்' என்று அன்றாடம் தேவைப்படும் முப்பது நாற்பது வினைகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். 'ஹிட்', 'கட்', 'புட்' மூன்றும் இறந்தகாலத்தில் மாறவே மாறாது. இது தெரியாமல்தான் 'வாஸ் ஹிட்டிங்' அத்தனை வருகிறது.

இரண்டாவது காரணம், முடிந்ததையும் பாதியில் இருந்ததையும் பிரிக்காமல் எழுதுவது. இது ஒரே நாளில் சரியாகாது. பழக்கத்துக்கு ஒரு வாக்கியம் தருகிறேன். 'தி பாய் வாஸ் டிரவுனிங்' என்றால் பையன் தண்ணீரில் தத்தளிக்கிறான், ஓடிப்போய்த் தூக்கினால் பிழைப்பான். 'தி பாய் டிரவுன்ட்' என்றால் இறந்துவிட்டான். இந்த வித்தியாசம் மனதில் தங்கிவிட்டால் 'ஐ வாஸ் ரீடிங் தி புக்' என்பதற்கும் 'ஐ ரெட் தி புக்' என்பதற்கும் உள்ள வித்தியாசமும் தானாக விளங்கும். முன்னதில் புத்தகத்தை முடித்ததாக நீங்கள் சொல்லவே இல்லை.

## அறிகுறி 6: 'வென்', 'வைல்' இடம் மாறுகிறது

தமிழில் 'போது' எதோடும் ஒட்டும். 'கரண்ட் போனபோது படித்துக்கொண்டிருந்தேன்', 'படித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது' இரண்டும் சரி. ஆங்கிலத்தில் 'வைல்' நீளமான செயலோடு மட்டும்தான் வரும். 'வைல் தி பவர் வென்ட் அவுட்' என்பது ஒட்டாது. 'வைல் ஐ வாஸ் ஸ்டடியிங், தி பவர் வென்ட் அவுட்' என்பது சரி. சந்தேகம் வந்தால் 'வென்' போடுங்கள், அது இரண்டு பக்கமும் பொருந்தும்.

அதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. 'வென் ஐ ரீச்ட் ஹோம்' என்று தொடங்கி, அடுத்த பாதியை மூன்று விதமாக முடித்துப் பாருங்கள். 'மை மதர் குக்ட் டின்னர்': நான் வந்த பிறகு அம்மா சமைத்தார். 'மை மதர் வாஸ் குக்கிங் டின்னர்': நான் நுழையும்போது அடுப்பில் வேலை நடந்துகொண்டிருந்தது. 'மை மதர் ஹேட் குக்ட் டின்னர்': நான் வருவதற்குள் சமையல் முடிந்துவிட்டது. மூன்றிலும் பிழை இல்லை. உங்கள் வீட்டில் அன்றைக்கு எது நடந்ததோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 7: 'ஐ வாஸ் நோயிங் ஹிம்', 'ஐ வாஸ் ஹேவிங் எ பைக்'

'நோ, லைக், வான்ட், நீட், பிலீவ், ஓன்' போன்றவை செயல் இல்லை, நிலை. அவற்றோடு 'இங்' சேராது. 'ஐ நியூ ஹிம்', 'ஐ ஹேட் எ பைக்'.

எளிய சோதனை தமிழிலேயே இருக்கிறது. 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருந்தது' என்று யாராவது சொல்வார்களா? 'எனக்குப் பசிக்கு ஒரு வாழைப்பழம் வேண்டிக்கொண்டிருந்தது' என்று? தமிழில் 'கொண்டிருந்தது' ஒட்டாத இடத்தில் ஆங்கிலத்திலும் 'இங்' பெரும்பாலும் ஒட்டாது.

இந்தச் சோதனை கைவிடும் இடங்களும் உண்டு. 'நம்பிக்கொண்டிருந்தேன்' என்று தாராளமாகச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் அது 'ஐ பிலீவ்ட்' மட்டும்தான். 'ஹேவ்' தனி ரகம். உடைமை என்றால் 'இங்' கிடையாது. சாப்பாடு என்றால் உண்டு: 'ஐ வாஸ் ஹேவிங் லஞ்ச்'. லீவ் லெட்டரில் வரும் 'ஐ வாஸ் ஹேவிங் ஃபீவர்' என்பதை 'ஐ ஹேட் எ ஃபீவர்' என்று மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி 8: 'வாஸ்... இங்' வர வேண்டிய இடத்தில் 'ஹேட் வோர்ன்', 'ஹேட் சாட்' வருகிறது

நன்றாக எழுதுகிறவர்களுக்குக்கூட இந்தக் கோளாறு கண்ணில் படுவதில்லை. தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்பது என் அனுபவம்.

'அவன் நீலச் சட்டை போட்டிருந்தான்.' இதில் 'கொண்டு' இல்லை. 'வந்திருந்தான்' என்பதை 'ஹேட் கம்' என்று எழுதிப் பழகிய கை, இதையும் 'ஹி ஹேட் வோர்ன் எ புளூ ஷர்ட்' என்று எழுதிவிடும். படிப்பவருக்கு அது, அதற்கு முன்னால் எப்போதோ நீலச் சட்டை போட்டிருந்தான், பார்த்தபோது என்ன போட்டிருந்தான் என்று தெரியாது என்பதுபோல ஒலிக்கும். திருடனின் அடையாளம் சொல்லும் வாக்கியமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சரியானது 'ஹி வாஸ் வேரிங் எ புளூ ஷர்ட்'. தமிழில் 'போட்டுக்கொண்டிருந்தான்' என்றால் கையை நுழைத்து, பட்டன் மாட்டிக்கொண்டிருந்தான் என்றும் பொருள்படும். அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல்: 'வாஸ் புட்டிங் ஆன்'.

உடம்பு ஒரு நிலையில் இருப்பதைச் சொல்லும்போது தமிழ் 'இருந்தார்' என்று முடிக்கும், ஆங்கிலம் 'வாஸ்... இங்' கேட்கும். உட்கார்ந்திருந்தார், 'வாஸ் சிட்டிங்'. நின்றிருந்தார், 'வாஸ் ஸ்டாண்டிங்'. படுத்திருந்தார், 'வாஸ் லையிங்'. கையில் குடை பிடித்திருந்தார், 'வாஸ் ஹோல்டிங் அன் அம்ப்ரெல்லா'. சுவரில் சாய்ந்திருந்தார், 'வாஸ் லீனிங்'. காத்திருந்தேன், 'வாஸ் வெயிட்டிங்'.

சோதனை இதுதான். 'இருந்தார்' என்று முடிகிற வினையை எடுத்து, 'நான் பார்த்த அந்த நொடியிலும் அப்படியே' என்று சேர்த்துப் படியுங்கள். 'நான் பார்த்த அந்த நொடியிலும் அப்படியே சாய்ந்திருந்தார்.' பொருந்துகிறது, 'வாஸ் லீனிங்'. 'மாமா வந்திருந்தார், நான் வருவதற்குள் கிளம்பிவிட்டார்.' பொருந்தவில்லை, 'ஹேட் கம்'.

## அறிகுறி 9: பழைய வழக்கத்தைச் சொல்லும்போது 'வாஸ் பிளேயிங் டெய்லி'

'வென் ஐ வாஸ் இன் ஸ்கூல், ஐ வாஸ் பிளேயிங் கிரிக்கெட் டெய்லி.' தமிழில் இதை 'தினமும் விளையாடுவேன்' என்றுதான் சொல்வோம். அப்படி 'வேன்', 'வோம்' என்று முடித்துச் சொல்ல முடிகிற பழைய வழக்கத்துக்கு 'ஐ யூஸ்ட் டு பிளே' அல்லது வெறும் 'ஐ பிளேய்ட்' போதும்.

ஒரு விலக்கு உண்டு. 'ஹி வாஸ் ஆல்வேஸ் கம்ப்ளெய்னிங்' சரியான ஆங்கிலம். எப்போது பார்த்தாலும் குறை சொல்லிக்கொண்டே இருப்பார் என்ற சலிப்பு அதில் வெளிப்படும். அதே காரணத்தால் மேலதிகாரியைப் பற்றி எழுதும் கடிதத்தில் 'ஆல்வேஸ்' போட்டு 'இங்' சேர்க்கும்போது கவனமாக இருங்கள்.

## அறிகுறி 10: 'ஐ வாஸ் வொர்க்கிங் தேர் சின்ஸ் 2019'

இன்டர்வியூவில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. எதிரே இருப்பவருக்கு உடனே எழும் சந்தேகம்: இவர் அங்கே இன்னும் இருக்கிறாரா, விட்டுவிட்டாரா? 'சின்ஸ்' ஒரு பக்கம் இழுக்கிறது, 'வாஸ்' இன்னொரு பக்கம் இழுக்கிறது.

முதலில் அந்தக் கேள்விக்கு உங்களுக்கே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டாயிற்று என்றால்: 'ஐ வொர்க்ட் தேர் ஃபிரம் 2019 டு 2022'.

இன்னும் அங்கேதான் என்றால்: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் சின்ஸ் 2019'.

முன்பு நடந்த ஒரு நிகழ்வு வரைக்கும் இருந்ததைச் சொல்ல வேண்டும் என்றால்: 'வென் தி கம்பெனி குளோஸ்ட், ஐ ஹேட் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்'.

மூன்றிலும் 'வாஸ் வொர்க்கிங்' இல்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை வருஷம், எப்போதிலிருந்து என்று கணக்குச் சொல்லும்போது இந்த டென்ஸ் உதவாது. அது ஒரு நொடியைச் சுட்டிக்காட்டவே வேண்டும்: 'ஐ வாஸ் வொர்க்கிங் இன் கோயம்புத்தூர் வென் ஐ காட் மேரீட்'. இதில் கல்யாணம்தான் அந்த நொடி.

மற்றவற்றைவிட இது பழக அதிக நாள் எடுக்கும். 'ஹேவ் பீன்' என்பதையும் 'ஹேட் பீன்' என்பதையும் தனியாகப் படித்தே ஆக வேண்டும். அதுவரை இன்டர்வியூ நெருங்கிவிட்டால் முதல் இரண்டு வாக்கியங்களில் உங்களுக்குப் பொருந்துவதை உங்கள் வருஷங்களோடு அப்படியே வாய்ப்பாடமாக்கிக்கொண்டு போங்கள். தப்பில்லை.

## அறிகுறி 11: 'தி ரோட் வாஸ் ரிப்பேரிங்'

ரோடு தன்னைத்தானே ரிப்பேர் செய்துகொள்ளாது. எழுவாய் அந்தச் செயலைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் நடுவில் 'பீயிங்' வேண்டும்: 'தி ரோட் வாஸ் பீயிங் ரிப்பேர்ட்'. இது நாக்கில் புரளவில்லை என்றால் சுற்றிப் போகலாம். 'ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்' என்று தமிழில் சொல்கிற மாதிரியே 'தே வெர் ரிப்பேரிங் தி ரோட்'. நல்ல ஆங்கிலம்தான், யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

'தி வாட்டர் வாஸ் பாய்லிங்', 'தி ரைஸ் வாஸ் குக்கிங்', 'தி டோர் வாஸ் ஓப்பனிங்' மூன்றும் அப்படியே சரி. கொதிப்பது, வேகுவது, திறப்பது எல்லாம் தானாக நடப்பதாகவும் ஆங்கிலம் பார்க்கும்.

18, 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் வீடு கட்டப்பட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு 'தி ஹவுஸ் வாஸ் பில்டிங்' என்று இருப்பதைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு அது நல்ல வழக்கு. இன்றைய தேர்வில் எழுதக்கூடாது.

## அறிகுறி 12: சரியாக எழுதியும் எதிராளி வேறாகப் புரிந்துகொள்கிறார்

'ஐ வாஸ் கோயிங் டு சப்மிட் தி ரிப்போர்ட் எஸ்டர்டே.' எழுதியவர் சொல்ல நினைத்தது, நேற்று ரிப்போர்ட் கொடுக்கக் கிளம்பிப் போனேன் என்று. மேலதிகாரிக்குப் புரிவது, கொடுக்கலாம் என்று இருந்தேன், கொடுக்கவில்லை என்று. 'வாஸ் கோயிங் டு' என்பதற்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் அது நிறைவேறாத எண்ணம் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். பின்னால் ஓர் இடத்தின் பெயர் வந்தால் மட்டும் போய்க்கொண்டிருந்ததாகப் பொருள்.

அதேபோல, மேலதிகாரி இப்போது உங்களிடம் ஒன்றைக் கேட்க 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப்' என்று எழுதினால் அது பழைய கதை இல்லை. மரியாதையாகக் கேட்கும் முறை. 'முன்பு நினைத்தீர்களா சார்?' என்று பதில் போடாமல், உதவ முடியுமா முடியாதா என்று சொல்லுங்கள்.

## அறிகுறி 13: எல்லாம் சரி, எழுத்துப்பிழை மட்டும்

'ரைட்', 'கம்', 'டிரைவ்' மூன்றிலும் கடைசியில் வரும் ஒலிக்காத 'ஈ' எழுத்தை எடுத்துவிட்டு 'இங்' சேருங்கள். 'ரைட்டிங்' என்பதில் 'டீ' எழுத்து ஒன்றுதான். 'ரன்', 'சிட்', 'ஸ்டாப்' போன்ற குட்டிச் சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும். 'ஸ்டடி' என்பதில் உள்ள 'ஒய்' போகாது, அப்படியே நிற்கும். 'லை', 'டை' ஆகியவற்றின் கடைசி இரண்டு எழுத்துகள் போய் அங்கே 'ஒய்' வரும். இவ்வளவுதான்.

## எப்போது வெளியாளிடம் கொடுக்க வேண்டும்

கணினியிலும் போனிலும் உள்ள இலக்கணத் திருத்தக் கருவிகள் அறிகுறி 1 முதல் 4 வரையும், எழுத்துப்பிழையையும் ஓரளவு பிடித்துவிடும். அதற்காக ஆசிரியருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அறிகுறி 5, 8, 12 மூன்றும் கருவியிடம் பெரும்பாலும் தப்பிவிடும். 'ஐ வாஸ் ஸ்டாப்பிங்' இலக்கணப்படி பிழையே இல்லை. வண்டி நின்றிருந்ததா இல்லையா என்பது கருவிக்கு எப்படித் தெரியும்?

ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறீர்கள் என்றால், எழுத்துத் தேர்வில் மதிப்பிடும் 4 அளவுகோல்களில் ஒன்று இலக்கணம். பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் 1 நிமிடம் யோசித்து, 2 நிமிடம் வரை பேச வேண்டும். நடந்த ஒன்றை விவரிக்கச் சொல்லும் அட்டைகள் அதில் சகஜம். அப்படி ஓர் அட்டைக்குப் பேசுவதைப் பதிவு செய்து கேளுங்கள். பேச்சு முழுக்க 'வாஸ்... இங்' என்றே வருகிறது, அல்லது ஒன்றுகூட வரவில்லை என்றால், அதைத் தனியாகச் சரிசெய்வது கடினம். ஆள் வைத்துப் பழகுங்கள்.

போலீஸ் புகாரைத் தமிழிலேயே கொடுக்கலாம், ஆங்கிலத்தில் எழுதி மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் தகராறு, கோர்ட்டுக்கான அஃபிடவிட், விசா மறுக்கப்பட்டபின் எழுதும் விளக்கம் ஆகியவற்றை வக்கீலிடமோ அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளரிடமோ விட்டுவிடுங்கள். ஒரு 'இங்' மாறினால் நடந்தது மாறிவிடும் இடங்கள் அவை.

யாரிடம் கொடுத்தாலும் ஆங்கிலத்தை மட்டும் நீட்டாதீர்கள். நடந்ததை நடந்த வரிசையில் தமிழில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே உங்கள் ஆங்கில வரியை எழுதிக் கொடுங்கள். 'நின்றேன்' என்று மேலே இருந்து, கீழே 'வாஸ் ஸ்டாப்பிங்' என்று இருந்தால் திருத்துபவர் உங்களைக் கேட்காமலே கண்டுபிடித்துவிடுவார்.